சொம்பின் அடிப்பாகம்

காலை பத்தே கால். முதலில் கண்ணில் பட்டது மேஜை மேல் இருந்த பித்தளைச் சொம்பு. அதை வரைய வேண்டிய ஓவியரோ தலைமையாசிரியரின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். இலுப்பூர்ப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர் வேலைக்கு அன்று தேர்வு. புதுக் கட்டடம் பற்றிச் செய்தி எடுக்கப் போன என்னையும் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஓவியருக்குப் பிறவியிலேயே காது கேட்காது. சென்னையில் நவீன ஓவியம் கற்றுத் திரும்பி இரண்டு வருஷமாகச் சும்மா இருந்தார். இந்த வேலையும் போனால், அக்காவின் வீட்டுக்காரர் நடத்தும் நெல் மண்டியில் மூட்டைக்கு நம்பர் எழுத வேண்டியதுதான். அந்த அக்காதான் ஜாடையில் மொழிபெயர்க்க வந்திருந்தார்.

அரை மணியில் படம் முடிந்தது. சொம்பின் வாயும் தெரிந்தது, கவிழ்த்தால்தான் தெரியும் அடிப்பாகமும் தெரிந்தது. நிறம் பச்சை.

“இதுல தண்ணி ஊத்துனா நிக்குமாம்மா?” என்றார் தலைமையாசிரியர்.

அக்கா முகம் மலர்ந்து தம்பிக்கு ஏதோ ஜாடை காட்டினார். தம்பி எழுந்து தலைமையாசிரியரைக் கும்பிட்டார்.

“என்னம்மா சொன்னீங்க?”

“ரொம்ப நல்லாருக்குன்னு நீங்க சொன்னதா சொன்னேன், சார்.”

“நான் எப்ப சொன்னேன்?”

“சொல்லாமயா போயிருவீங்க?”

பள்ளியின் தாளாளரான பங்குச் சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓவியர் பக்கம் திரும்பினார். காது கேளாதவரிடம் பேசும் எல்லோரையும் போல அவரும் குரலை உயர்த்தினார்: “பயலுக சேட்டை பண்ணுனா ஒனக்கு எப்படிப்பா தெரியும்?”

அந்த அறைக்கும் எட்டாம் வகுப்புக்கும் நடுவே வெறும் பலகைத் தடுப்பு. கேள்வி அங்கே நன்றாகப் போய்ச் சேர்ந்தது. மறுநிமிஷம் பெஞ்சுகளில் தாளம் தொடங்கியது.

“யார்ரா அங்கிட்டு?” என்று தலைமையாசிரியர் கத்தினார். தாளம் கூடியது.

ஓவியரின் நாற்காலி தடுப்பில் சாய்ந்திருந்தது. நிமிர்ந்தார். பலகையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். எழுந்து வெளியே நடந்தார். நாங்களும் பின்னால் போனோம்.

வகுப்பில் எல்லோரும் கை கட்டிப் பூசைக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். கைகளை நீட்டும்படி ஓவியர் ஜாடை காட்டினார். மூன்று பேரின் உள்ளங்கை சிவந்திருந்தது. கரும்பலகையில் அந்த மூவரையும் வரைந்தார். முகமும் பிடரியும் ஒன்றாகத் தெரிய, ஆளுக்கு நாலு கை.

“டேய், அது ஒன் காதுடா!” என்று பின்வரிசையில் ஒரு குரல். வகுப்பே சிரித்து ஓய்ந்தது. அந்த மூவர் மட்டும் சிரிக்கவில்லை.

“காது கேக்குற நாம கத்துனோம், ஒண்ணும் நடக்கலியே,” என்றார் சாமியார். அக்காவிடம், “வேலைய குடுத்துரலாம். சொம்ப மட்டும் சொம்பா போடச் சொல்லும்மா.”

அக்கா நீளமாக ஜாடை காட்டினார். தம்பி தலையைப் பலமாக இடம் வலமாக ஆட்டினார்.

“சரிங்கிறான், சாமி,” என்றார் அக்கா.

திங்கட்கிழமை அவர் வேலையில் சேர்ந்தார். அந்த வருஷப் பரீட்சையில் எட்டாம் வகுப்பு வரைந்த எல்லாச் சொம்புக்கும் அடிப்பாகம் தெரிந்தது.