எந்த வாரேனுங்க?

ஊசி போட்டது எனக்கு. விழுந்தது அம்மா.

அப்போது எனக்கு ஆறாவது மாதம். நர்ஸ் என் கையில் பஞ்சைத் தேய்த்தாளோ இல்லையோ, பக்கத்தில் நின்ற அம்மா "சாமீ..." என்று ஒரு இழுப்பு இழுத்து, சேலை மடிப்புக் கலையாமல் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். என்னை எழுப்பிவிட்டு என் கட்டிலில் அவரைப் படுக்க வைத்தார்கள். நான் நின்றுகொண்டு, என் வயிற்றையும் பிடித்துக்கொண்டு, அவருக்கு விசிறினேன்.

காந்திபுரத்துக்குப் பின்பக்கம் இருந்த சின்ன நர்ஸிங் ஹோம் அது. தலைமை சிஸ்டர் பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். தமிழை எடுத்து மலையாளத் தட்டில் வைத்துக் கொடுப்பார்.

"நோக்கு மோளே, பிரசவத்துக்கு உள்ளே துணைக்கு ஒரு பொம்பளை வரலாம். ஒரே ஆள். ஆனா இந்த அம்மா வேண்டா. ரெண்டு பேஷண்ட்டை ஒரு டேபிள்ல போட எனக்கு ஸ்தலம் இல்லா."

மாமியாரைக் கேட்கலாம் என்றால், அவர் கொடுமுடியில் ஆற்றுப் படியில் வழுக்கி, காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். கூடப் பிறந்தது எனக்கு யாரும் இல்லை.

வலிக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. ஊரில் எல்லோருக்கும் வலித்ததுதானே எனக்கும் வலிக்கும். ஆனால் நான் வாய் ஓயாமல் பேசுகிறவள். பள்ளிக்கூடத்தில் கற்றதைவிட பஸ்ஸிலும் தண்ணீர்க் குழாயடியிலும் அடுத்தவர் பேசக் கேட்டுக் கற்றதுதான் அதிகம். யாராவது ஒரு சொல்லை அழகாகச் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவளை ஒரு வெள்ளைச் சுவர் அறையில், பேச்சுக் கொடுக்க ஆளில்லாமல் மல்லாக்கப் போட்டால்? பயமெல்லாம் அதற்குத்தான். பிரசவ அறையில் எனக்கென்று ஒரு ஆள் வேண்டும். அந்த மூன்று மாதமும் எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

இப்போது அதற்கு டூலா என்று ஒரு பேர் இருக்கிறதாம். பிரசவத்தில் கூடவே நின்று தைரியம் சொல்வதையே தொழிலாகச் செய்கிறார்களாம். எங்களிடம் அந்தப் பேரும் இல்லை, தொழிலும் இல்லை. தொணை என்போம், அவ்வளவுதான். அந்தத் தொணையை எங்கே தேடுவது, என்ன கொடுப்பது என்று சொல்லத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு கணபதியில் ஒரு மோட்டார் பட்டறையில் லேத் வேலை. அவர் உலகத்தில் எல்லாவற்றுக்கும் ரேட் உண்டு.

"ஏன் அம்மிணி, பக்கத்துல உக்காந்திருக்கறதுக்கு நாள் கூலியா, பீஸ் ரேட்டா?"

"பீஸ் ரேட்டுன்னா?"

"புள்ளைக்கு இவ்வளவுன்னு."

"ரெட்டைப் புள்ளையாப் போச்சுன்னா?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அப்ப நாள் கூலியே பேசிக்கலாம்," என்றார்.

முதலில் பக்கத்து வீட்டு அத்தையைக் கேட்டோம். அவர் உடனே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணுக்கும் பயப்படாதே கண்ணு. என்ர சின்ன நாத்தனாளுக்கு ஆன மாதிரி எல்லாருக்குமா ஆகும்?" என்று ஆரம்பித்தார். சின்ன நாத்தனார் முடிந்து பெரிய நாத்தனார், அது முடிந்து ஒன்றுவிட்ட அக்கா. காபி ஆறி ஆடை படிந்தது. அவர் போன பிறகு என் வீட்டுக்காரர், "இவங்களை ஆகாதவங்க ஊட்டுப் பிரசவத்துக்கு வேணா அனுப்பலாம்," என்றார்.

அப்புறம்தான் தவணைக்காரக்கா நினைவுக்கு வந்தார்.

உக்கடத்துப் பாய் வீட்டு அக்கா அவர். சேலை, நைட்டி, உள்பாவாடை, பெட்ஷீட் எல்லாம் பெரிய பொட்டணமாகக் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் சரவணம்பட்டிப் பக்கம் வீடு வீடாக வருவார். துணியை இன்று எடுத்துக்கொண்டு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். துணியை விட அவர் பேச்சுக்குத்தான் வீட்டுக்கு வீடு நாற்காலி போட்டார்கள். ஒரு நைட்டியை உதறிப் பிடித்து, "இதைப் போட்டுட்டு நின்னீங்கன்னா கேஸ்காரன் சிலிண்டரைக் கீழ வைக்க மறந்துருவானுங்க" என்பார். வாங்காமல் எப்படி இருப்பது?

ஏழாவது மாதத் தவணைக்கு வந்தவரிடம் மெல்ல ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு கண்ணு. தவணையத் தள்ளிப் போடோணுமா?"

"அது இல்லீங்க. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில கூட இருக்க நீங்க வருவீங்களா?"

பொட்டணத்தின் முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "நானா? எனக்கென்ன கண்ணு தெரியும்? மூணு பெத்திருக்கறேன், அவ்வளவுதான்."

"ஒண்ணுமே தெரிய வேண்டாங்க்கா. பேசிட்டே இருந்தாப் போதும்."

"அதுக்குன்னா என்னைய உட்டா ஆளில்லை," என்று சிரித்தார். பொட்டணத்தை இடுப்பில் ஏற்றினார். செருப்பை மாட்டினார். கேட்டில் திரும்பி, "வாரேனுங்க," என்றார். போய்விட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்துவதற்குள், "ஏனுங்க, ஆள் கெடைச்சாச்சு! தவணைக்காரக்கா வாரேன்னுட்டாங்க!" என்று வாசலிலேயே கத்தினேன்.

அவர் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே கேட்டார்: "எந்த வாரேன்?"

"எந்த வாரேன்னா?"

"வர்றதுக்குச் சொன்ன வாரேனா, போறதுக்குச் சொன்ன வாரேனா?"

எனக்குத் திக்கென்றது. எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. ஊரை விட்டே போகிறவர்கள்கூட வாரேன் என்றுதான் சொல்வார்கள். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வதும் எங்கள் பக்கத்தில் கிடையாது. "பாக்கலாமுங்க", "ஆகட்டுங்க" என்று சொல்லி, ஒரு "வாரேனுங்க"வோடு கழன்றுகொள்வதுதான் மரியாதை.

அப்புறம் அன்று இரவுச் சோற்றோடு ஒரு பெரிய விசாரணையே நடந்தது. வீட்டுக்காரர் இரண்டு வாரேனையும் நடித்துக் காட்டினார். வருகிற வாரேனில் தலை முன்னால் ஆடுமாம், போகிற வாரேனில் பக்கவாட்டில் ஆடுமாம். அம்மா, ரசக் கரண்டியும் கையுமாக, வேறொரு கேள்வி கேட்டார்.

"கேட்டைத் தாண்டிச் சொன்னாங்களா, தாண்டாமச் சொன்னாங்களா?"

"ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே."

"அப்பச் சொல்ல முடியாது," என்றார் அம்மா.

அடுத்த தவணைக்கு வரும்போது நேராகக் கேட்டுவிடலாம் என்று இருந்தேன். எட்டாவது மாதம் அவர் மகளை அனுப்பித் தவணையை வாங்கிக்கொண்டார். ஒன்பதாவது மாதம் அவர் வருகிற நாளுக்கு முன்பே, காலையில் இட்லிக்கு கிரைண்டரைப் போட்டுவிட்டு உளுந்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, எனக்கு வலி வந்துவிட்டது.

அம்மாவும் நானும் ஆட்டோவில் நர்ஸிங் ஹோமுக்கு. வீட்டுக்காரர் உக்கடத்துக்கு. வீடு எந்தச் சந்து என்றுகூட அவருக்குத் தெரியாது. "நைட்டிப் பொட்டணக்காரக்கா ஊடுன்னு கேட்டா ஒரு தெருவே சொல்லுமில்ல," என்று டிவிஎஸ் ஃபிப்டியை மிதித்துக்கொண்டு போனார்.

"எவிடே துணை?" என்றார் சிஸ்டர்.

"வாரேன்னிருக்காங்க சிஸ்டர்," என்றேன். வாயில் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.

அம்மாவை வெளியே பெஞ்சில், முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழத்தோடு உட்கார வைத்துவிட்டு, என்னை உள்ளே கொண்டுபோனார்கள். வெள்ளைச் சுவர். நான் நினைத்துப் பயந்த அதே சுவர். சிஸ்டர் வருவார், பார்ப்பார், "இன்னும் நேரம் உண்டு" என்பார், போவார். வலி வந்தது. போனது. பேச ஆளில்லாமல் மேலே சுற்றிய ஃபேனிடம் பேசினேன். அது ஒரு பக்கம் தலையை ஆட்டியது. போகிற வாரேன் போலவே ஆட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் படிக்கட்டில் அந்தக் குரல்.

"எந்தா இது? துணிக்கடையோ?" இது சிஸ்டர்.

"ஒரு ஆளுக்குத்தானுங்க அனுமதி? நான் ஒருத்திதானுங்க. இது பொட்டணமுங்க, ஆளில்லீங்க."

பொட்டணம் அம்மாவின் மடிக்குப் போனது. அக்கா என் தலைமாட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது. டிவிஎஸ்ஸில் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் நடுவில் பொட்டணம் உட்கார்ந்து வந்ததில் சேலை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது.

"அக்கா, அன்னைக்குச் சொன்னது எந்த வாரேன்?" அழுதுகொண்டே கேட்டேன்.

"போறப்பச் சொல்றதுதான் கண்ணு! உன்ர ஊட்டுக்காரரு வாசல்ல நின்னுட்டு, 'வாரேன்னீங்களே, வாங்க'ங்கறாரு. நான் எப்ப வாரேன்னேன்னு யோசிக்கறேன், யோசிக்கறேன். சொல்லியிருக்கறேன்! இல்லைன்னு எப்படிச் சொல்றது? சோத்தை எறக்கி வெச்சுப்போட்டு ஏறி உக்காந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க வலி வந்தது. அவர் கையைக் கொடுத்தார். நான் பிடித்த பிடியில் ஒரு கண்ணாடி வளையல் போயிற்று. "போகட்டும், அதுக்குக் கடைசித் தவணையும் கட்டியாச்சு," என்றார்.

அப்புறம் ஒரு கதையை எடுத்தார்.

"பீளமேட்டுல ஒரு ஊட்டம்மா. பேரு சொல்ல மாட்டேன். ஊட்டுக்காரருக்குத் தெரியாம எங்கிட்ட சேலை எடுக்கும். எங்க ஒளிச்சு வெக்கும் தெரியுமா? மேல அட்டாலியில, நோம்பிக்கு மட்டும் எறக்கற பெரிய பித்தளை அண்டாவுக்குள்ள. ஒண்ணாச்சு, ரெண்டாச்சு. மூணாவது சேலைய ஒளிக்கறதுக்கு ஸ்டூல் போட்டு ஏறி, அண்டாவுக்குள்ள கைய உட்டா..."

வலி வந்தது. கதை நின்றது. வலி நீண்டு, இடுப்பை முறித்துவிட்டுப் போனது.

"கைய உட்டா?" என்றேன்.

"இரு, மூச்சு வாங்கு. கைய உட்டா, கையில வேற என்னமோ தட்டுப்படுது..."

மறுபடி வலி. அப்படியே போனது அந்தப் பகல். ஒவ்வொரு வலிக்கும் கதையில் அந்தப் பீளமேட்டு அம்மா ஸ்டூலிலேயே நின்றார். நடுவில் டாக்டரம்மா வந்து, கையுறையை மாட்டிக்கொண்டே, "என்னம்மா கதை?" என்றார். அக்கா அவருக்காக முதலிலிருந்து சொன்னார். சிஸ்டரும் வாஷ்பேசினில் கை கழுவுகிற சாக்கில் அங்கேயே நின்றார்.

"இப்ப முக்குங்கம்மா," என்றார் டாக்டரம்மா.

"முக்குங்க அம்மிணி, முக்குங்க," என்றார் அக்கா. அதுவரை என்னை வா போ என்று பேசியவருக்கு, டாக்டரைப் பார்த்ததும் எனக்கும் சேர்த்து மரியாதை வந்துவிட்டது. "நல்லா முக்குங்க. தயவு பண்ணுங்க."

தயவு பண்ணினேன். மகள் பிறந்தாள். ஒரு கத்து கத்தினாள் பாருங்கள், சிஸ்டர் உடனே, "அம்மேடே வாய்தன்னே," என்றார். அம்மாவின் வாயேதானாம்.

குழந்தையைத் துடைத்து என் நெஞ்சில் வைத்தார்கள். சூடாக, வழுக்கலாக, கோபமாக இருந்தாள். டாக்டரம்மா தையல் போட்டுக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்:

"அந்த அண்டாவுல என்ன இருந்துச்சு?"

"ரெண்டு வேட்டிங்க. சரிகை போட்டது. அவரும் அந்தம்மாவுக்குத் தெரியாம எங்கிட்டத்தான் தவணையில எடுத்து, அதே அண்டாவுல ஒளிச்சு வெச்சிருக்காரு. நான் ரெண்டு பேருகிட்டயும் மூச்சு உடலீங்களே!"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் தையல் கோணிவிடுமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

வார்டுக்கு வந்த பிறகு வீட்டுக்காரர் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையில் கையை விட்டார். "ஏனுங்க, பட்டறையில எல்லாத்துக்கும் ரேட்டு போடுவோம். இதுக்கு எப்படிக் கேக்கறதுன்னே தெரியலீங்க. வசூலுக்குப் போற நாளையும் கெடுத்துப்போட்டோம்..."

"எனக்கும் தெரியலீங்க," என்றார் அக்கா. "இதுவரைக்கும் இதை யாருக்கும் வித்ததில்லை."

சரி, பொட்டணத்திலிருந்து எடுத்துக்கொள்வோம், வேண்டியதோ வேண்டாததோ நான்கைந்தை வாங்கிவிடுவோம் என்று நான் நினைத்தேன். "பொட்டணம் எங்கம்மா?" என்றேன்.

அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஊசியைக் கண்டால் விழுகிற என் அம்மா, நான் உள்ளே கத்திக்கொண்டிருந்த நேரம் முழுக்க, அந்தக் கத்தலைக் கேட்காமல் இருப்பதற்காக, பெஞ்சில் பொட்டணத்தைப் பிரித்திருக்கிறார். பிரசவத்துக்கு வந்திருந்தவர்கள், பார்க்க வந்தவர்கள், ஆயாக்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தோதாக முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டிதான் முதலில் தீர்ந்தது; கடைசியில் பொட்டணத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. அம்மா முந்தானையில் முடிந்திருந்த பணத்தை அவிழ்த்து அக்காவின் கையில் வைத்தார். சிஸ்டர் மட்டும் இரண்டு எடுத்திருந்தாராம், சம்பள நாளில் தருவதாக.

"நீங்க விக்கற வெலை எனக்குத் தெரியாதுங்க," என்றார் அம்மா. "கொஞ்சம் சேத்தியே சொல்லிப்போட்டேன்."

அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரின் கையை அவருடைய பைக்கே தள்ளிவிட்டார். "வளையலுக்கு மட்டும் குடுங்க," என்றார்.

குழந்தையின் நெற்றியில் ஒரு முத்தம் வைத்து, பொட்டணம் கட்டியிருந்த காலிப் பெட்ஷீட்டை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வார்டு வாசலில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாகத் திரும்பினார்.

"வாரேனுங்க."

அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, எந்த வாரேனுங்க? ராத்திரி இவளுக்குத் தொணையா நான் ஒருத்திதானுங்க. திரும்ப ஊசி போட வந்தாங்கன்னா?"

அக்கா அம்மாவைப் பார்த்தார், ஊசித் தட்டோடு வந்துகொண்டிருந்த சிஸ்டரைப் பார்த்தார். மடித்த பெட்ஷீட்டை மறுபடி விரித்து, என் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் போட்டார்.

"சோறுதான் ஆறிப்போச்சு," என்றார். "சரி, பீளமேட்டுல இன்னொரு ஊட்டம்மா..."