சிவப்புப் பலகை

வீட்டில் தனிப்பாடம் சொல்லும் டீச்சர் ஹோர்தென்சியாவுக்கு குமெர்சிந்தோ முந்நூறு பொலிவியானோ கடன்பட்டிருந்தார். மகள் லுஸ்மிலாவுக்கு ஒரு மாதம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த கூலி அது. காசில்லாமல் இல்லை. பொலிவியாவின் எல் ஆல்ட்டோ நகரத்தில் மூட்டை தூக்கியே சொந்த மினிபஸ் வாங்கியவர் எத்தனை பேர்? அவர் வாங்கினார். நாற்பதை நெருங்கும்போது தானே எழுத்துக்கூட்டிப் படித்து, ஓட்டுநர் உரிமமும் எடுத்தார். அப்படிப்பட்டவரிடம் அந்தம்மா சொன்னாள்: "பொண்ணு சோம்பேறி இல்லண்ணே. மண்டையில குறையும் இல்ல. எழுத்து அவளுக்கு நிக்க மாட்டேங்குது. வேற மாதிரி சொல்லிக்கொடுக்கணும், நாளாகும்."

என் ரத்தத்திலா கோளாறு என்று எழுந்து வந்தவர்தான், காசும் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாரோ, சோம்பேறி, அடுத்த வருஷம் அனுப்பாதீர்கள், சந்தையில் உட்கார வையுங்கள் என்றார்.

சனிக்கிழமைகளில் லுஸ்மிலா வண்டி வாசலில் நின்று ஊர்ப்பெயர் கூவுவாள். கண்ணாடியில் பலகை மாட்டுவதும் அவள்தான். செஹாவுக்குச் சிவப்பு, ரியோ செக்கோவுக்கு நீலம். ஒருநாளும் பிசகவில்லை. படிக்கத் தெரியாதவளா இப்படி மாட்டுவாள் என்று அவர் பெருமையடித்தார்.

அந்த வருஷம் ஓட்டுநர் சங்கம் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி வெள்ளைப் பலகைகள் கொடுத்தது. ஒரு சனிக்கிழமை செஹாவுக்குப் போகும் வண்டியில் ரியோ செக்கோ பலகை தொங்கியது. பலகையை நம்பி ஏறியவர்கள் பாதி வழியில் கொதித்தார்கள். உருளைக்கிழங்கு மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒருத்தி, "பலகைய ஆட்டுக்குட்டியா மாட்டுச்சு?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குமெர்சிந்தோ மகளை அடிக்கக் கை ஓங்கினார்.

"பழசு சிவப்பா இருந்துச்சுப்பா. இப்ப எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

ஓங்கிய கை அப்படியே நின்றது. இத்தனை நாளும் அவள் எழுத்தைப் படிக்கவேயில்லை, நிறத்தைத்தான் பார்த்திருக்கிறாள். டீச்சரம்மா சொன்னது இதைத்தான். வாத்தியார் மேல் அப்போது வந்த கோபம் திங்கட்கிழமையும் ஆறவில்லை. காலையில் வண்டியை நேரே பள்ளிக்கூடத்துக்கு விட்டார்.

"நாலு வருஷமா உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கா. ஒரு வரியத் தனியாப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கீங்களா? எல்லாரோடயும் சேர்ந்து கத்துனா, படிக்கிறான்னு நெனச்சுட்டீங்க. அவளச் சந்தையில உட்கார வைக்கணும்னா, மொதல்ல நீங்க வந்து பக்கத்துல உட்காருங்க சார்."

வாத்தியார் அவள் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்காமல் விட்டார்.

அங்கிருந்து ஹோர்தென்சியா வீடு. மகளுக்கு மறுபடி சொல்லிக்கொடுங்கள் என்று முந்நூறை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பொண்ணு படித்தபிறகு கொடுங்கள், யாரிடமும் கொடுத்தனுப்பாமல் நீங்களே வந்து கொடுங்கள் என்றாள். அது அவருக்குச் செருப்படி. பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

தட்டில் மாவைப் பரப்பி, விரலால் எழுதி, கைதட்டி ஓசை பிரித்துச் சொல்லிக்கொடுத்தாள் டீச்சர். நாளானது. குமெர்சிந்தோ குறைசொல்லிக்கொண்டேதான் மகளைக் கொண்டுவந்து விட்டார்.

மழைக்காலத்து ஒரு சனிக்கிழமை, வண்டி செஹாவுக்குக் கிளம்புமுன் லுஸ்மிலா பலகைகளைக் கையில் எடுத்தாள். எழுத்துக்கு அடியில் விரல் நகர்ந்தது. "ரி... யோ... செக்... கோ." அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்து மாட்டினாள். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்தன. அடிக்கட்டும் என்று அவர் நகரவேயில்லை.

அந்த வாத்தியார் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அதை நினைத்தால் இப்போதும் குமெர்சிந்தோவுக்கு வயிறு எரியும். அன்று சாயங்காலம் அந்த எரிச்சலோடேதான் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் கையை நீட்டினாள். முந்நூறையும் ஒவ்வொரு நோட்டாக, வாய்விட்டு எண்ணி வைத்தார்.