சின்னம்மாவின் அலைவரிசை

எங்கள் வீட்டு வானொலிப் பெட்டியில் மூன்று நாடுகள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஜொகூர் மாநிலத்துச் செடெனாக்கில், எண்ணெய்ப்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில், எங்களுடையது கடைசி வீட்டு வரிசை. காலையில் எழுந்ததும் அம்மா சிங்கப்பூரைத் திருப்புவார். அப்பா அங்கேதான் வேலைக்குப் போய்வந்தார். எல்லைப் பாலத்தில் நெரிசல் எவ்வளவு என்று அதில் சொல்வார்கள். பகலில் நம் நாட்டுத் தமிழ் நிலையங்கள் ஒலிக்கும். மாலை ஐந்து மணிக்கு மேல், யாரும் அழைக்காமலே, இந்தோனேசியா வந்துவிடும்.

இந்த மூன்றாவது வருகைதான் எங்களுக்குச் சங்கடமாக அமைந்தது. அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, ஜேபி என்று நாங்கள் சொல்லும் ஜொகூர் பாருவில் ஒரு சிறிய தமிழ் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளராகச் சேர்ந்திருந்தார். டயர்க் கடைக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள், அவ்வளவுதான் நிலையம். செனாயில் தொழிற்சாலைக் குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு அங்கே போனதற்கு வீட்டில் யாரும் மகிழவில்லை. ஆனால் சின்னம்மாவுக்கு மட்டும் அது வேலை மாதிரியே இல்லை. மாலை ஐந்து முதல் ஏழு வரை அவருடைய நிகழ்ச்சி. ரத்ததான முகாம் எங்கே, தமிழ்ப்பள்ளிப் பதிவு எப்போது முடிகிறது, அடையாள அட்டையைத் தொலைத்தவர் யார், கண்டெடுத்தவர் யார் என்று ஜொகூர்க்காரர்களின் அன்றாடத்தை அவர் பாடல்களுக்கு நடுவே சொல்லிக்கொண்டு போவார் என்று கேள்விப்பட்டோம். கேள்விப்பட்டோம் என்றுதான் எழுத முடியும்.

முதல் நாள் எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து காத்திருந்தோம். சின்னம்மா வணக்கம் சொன்னார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாக்கியம் முடிவதற்குள் அதே இடத்தில் ஓர் ஆண்குரல் ஏறி, மேளத்தோடு பாடத் தொடங்கியது. அப்பா பெட்டியைச் சன்னலுக்கு மாற்றினார். துணி துவைக்கும் இயந்திரத்தின்மேல் வைத்தார். ஒரு செம்புக் கம்பியைச் சொருகி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். நான் கையை உயர்த்தினால் சின்னம்மா, தாழ்த்தினால் பாடகர். என் கை எவ்வளவு நேரம்தான் தாங்கும்?

"பாத்தாம் தீவுலேர்ந்து கடலத் தாண்டி அவரு நம்ம ஹாலுக்கே வந்துட்டாரு. ஜேபில இருக்கறவ வர முடியல," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. ஏழு மணிக்குமேல் கைப்பேசி ஒலித்தது.

"கேட்டியாக்கா?"

"கேட்டேன்டி. ஒரு வார்த்த விடல. அழகா பேசுன."

நான் அம்மாவைப் பார்த்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் பொய் சொல்லும்போது மனிதர்களின் முகம் இத்தனை கனிவாக இருக்கும் என்று அவர் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு நாங்கள் மாலையிலும் சிங்கப்பூருக்கே திரும்பிவிட்டோம். சின்னம்மா கேட்கும்போதெல்லாம் அம்மா கேட்டதாகவே சொல்லிவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டின்போது, சின்னம்மா இலேசான கலக்கத்துடன் பேச்செடுத்தார்.

"இந்த வருசம் கணக்கெடுப்பு இருக்குக்கா. எந்த ரேடியோ கேக்கறீங்கன்னு வீட்டுக்கு வந்து விசாரிப்பாங்க. கேக்கற ஆளு கொறவுன்னு வந்துச்சுன்னா என் புரோக்ராம தூக்கிட்டு, கேஎல் பெரிய ஸ்டேஷன்லேர்ந்து வர்றத அப்படியே போட்டுருவாங்க."

"யார் தூக்குறான்னு நான் பாக்கறேன்," என்றார் அம்மா.

மறுநாளே அம்மா வரிசையில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். வானொலியைப் பற்றி யார் வந்து கேட்டாலும் சின்னம்மாவின் நிலையத்தின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்; நாள் முழுவதும் கேட்கிறோம், தெளிவாகக் கேட்கிறது, குறையே இல்லை என்று சொல்ல வேண்டும். "எலெக்‌ஷனுக்குக்கூட இப்படி நடந்தவ இல்ல," என்று அப்பா வியந்தார். பக்கத்து வீட்டு ஆண்ட்டி எங்கள் வாசலில் நின்று ஒத்திகையே பார்த்தார்.

"பாட்டு பேரு கேட்டா என்னாக்கா சொல்றது?"

"பேரெல்லாம் கேக்க மாட்டாங்க. நல்லாருக்குன்னு மட்டும் சொல்லு."

"அலமாக், இவ்ளோதானா! எங்க வீட்டுக்காரரு சமையலுக்கே அப்படித்தான சொல்றேன்."

பள்ளி விடுமுறையில் ஒரு முற்பகல் அவர்கள் வந்தார்கள். கூரையில் நீண்ட உலோகக் கம்பிகள் பொருத்திய வெள்ளை வேன். இறங்கியவர்கள் ஒரு மலாய் அதிகாரியும், தமிழ் பேசும் இளைஞர் ஒருவரும். ரேடியோ பற்றி விசாரிக்க வந்திருக்கிறோம் என்று இளைஞர் சொன்ன மாத்திரத்தில் அம்மா நிமிர்ந்து நின்றார். அது சின்னம்மா சொன்ன கணக்கெடுப்பு அல்ல. எந்த அலை எங்கே தடைபடுகிறது என்று பார்க்கும் அலுவலகத்திலிருந்து அவர்கள் வந்திருந்தார்கள். அன்று அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

"அக்கா, இந்த ஸ்டேஷன் உங்க வீட்ல எப்படி வருது?" என்று இளைஞர் கேட்டார். சின்னம்மாவின் நிலையம்தான்.

அம்மா உள்ளே ஓடினார். பெட்டி சிங்கப்பூரில் இருந்தது. திருகினார். முற்பகல் அல்லவா, சின்னம்மாவின் நிலையம் கழுவி வைத்த தட்டைப்போல் தெளிவாக வந்தது. அம்மா ஒலியை ஏற்றி, வாசலுக்குக் கேட்கும்படி வைத்தார்.

"பாத்துக்குங்க தம்பி. இதான் எங்க வீட்ல எந்நேரமும்."

"சாயந்தரத்துல? அஞ்சு மணிக்கு மேல பாத்தாம் ஸ்டேஷன் மேல ஏறி வருதுன்னு புகார் வந்துருக்கு."

"புகாரா?" அம்மாவின் குரல் மாறியது. தங்கையின் நிலையத்தின்மீது யாரோ குற்றம் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் அவர் எடுத்துக்கொண்டார். "யாரு குடுத்தது? எங்க வரிசைல ஒருத்தரும் குடுத்திருக்க மாட்டாங்க. அந்த ஸ்டேஷன்ல ஒரு கொற கெடையாது."

எனக்குக் குழப்பமாகிவிட்டது. இளைஞர் கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு மிக நன்றாகத் தெரியும். கை வலிக்கக் கம்பி பிடித்தவள் நான். அம்மாவுக்கு மறந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"சாயந்தரம் ஒரு இந்தோனேசியா அங்கிள் பாடுவாரு," என்றேன். "சின்னம்மா அவருக்குப் பின்னாடி இருந்து பேசுவாங்க. கேக்காது."

இளைஞர் என் உயரத்துக்குக் குனிந்தார். "டெய்லியுமா, பாப்பா?"

அம்மாவின் கை என் தோளில் இறங்கியது. "சின்னப் பிள்ள லா தம்பி. டிவில பாத்தத வந்து சொல்லுது."

அதற்குள் பக்கத்து வீட்டு ஆண்ட்டி தம் வீட்டு வேலிக்குமேல் எம்பி, "நாங்களும் அதே ஸ்டேஷன்தான்! சாயந்தரம்தான் இன்னும் நல்லா வரும்!" என்று முழங்கினார். எதிர்வீட்டிலும் அதே. வரிசை முழுவதும் அதே. யாரும் ஒருவார்த்தை பிசகவில்லை. வேன் மதிய வெயிலில் எங்கள் தெருவை ஒருமுறை மெதுவாகச் சுற்றிவிட்டுப் போனது. அந்த நேரத்தில் அதன் கம்பிகளிலும் சின்னம்மாவின் நிலையம் தெளிவாகவே விழுந்திருக்கும்.

"எல்லாரும் ஒழுங்கா சொன்னாங்க. உன் வாய்தான்," என்று அம்மா அன்று என்னைக் கடிந்துகொண்டார். "சின்னம்மாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னாலதான்."

சில வாரங்கள் கழித்துச் சின்னம்மா வந்தார். அது அவர் நிகழ்ச்சி நடத்த வேண்டிய மாலைப்பொழுது. அவரை வாசலில் பார்த்ததுமே வேலை போய்விட்டது என்று அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

"செடெனாக்லேர்ந்துதான்க்கா நெறைய பேரு எங்களுக்குப் போன் பண்ணாங்க, சாயந்தரத்துல எங்க ஸ்டேஷன் கெடைக்கலன்னு. அத வச்சுத்தான் வேற அலைவரிசை குடுங்கன்னு எழுதிப் போட்டோம். ஆளுங்க வந்து பாத்துருக்காங்க. வரிசையே தெளிவா வருதுன்னு சொல்லிருச்சாம். மாத்த முடியாதுன்னுட்டாங்க."

அம்மா ஒரு குவளைத் தண்ணீரை அவர் கையில் கொடுத்தார்.

"உன் வீட்லதான் நல்லா வருதுன்னு எனக்குத் தெரியுமே. அதனாலதான் உங்கிட்ட இதெல்லாம் சொல்லல. ஆனா அந்தக் கணக்கெடுப்பும் முடிஞ்சிருச்சு. உங்க வரிசைக்கு வரல போல, இந்தப் பக்கம் எனக்கு ஆளே இல்லக்கா." சின்னம்மா தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்தபடியே இருந்தார், குடிக்கவில்லை. "மேனேஜர் கேக்குறாரு. சத்தம் தெளிவா போய்ச் சேருது, அப்பறமும் சனங்க சிங்கப்பூரத் திருப்பி வச்சுக்கறாங்கன்னா, கோளாறு எங்கம்மா இருக்குன்னு. நான் என்ன சொல்ல முடியும்? என் குரல்லதான் இருக்கு. என் பேச்சுலதான் இருக்கு."

அப்பா எழுந்து, மோட்டார் சைக்கிளில் ஏதோ பார்க்க வேண்டும் என்று வெளியே போனார்.

பிற்காலத்தில் பல்கலைக்கழகத்தில் கள ஆய்வு முறைகளைக் கற்றபோது, கேள்வி கேட்பவர் எதை விரும்புகிறார் என்று ஊகித்து மக்கள் பதில் சொல்வார்கள் என்ற எச்சரிக்கையைப் படித்தேன். எங்கள் தெருவை நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பாடம் எங்கள் கூடத்து மௌனத்துக்குப் போதவில்லை. உன் குரல் எங்களுக்கு வந்து சேரவே இல்லை என்ற ஒரே வாக்கியம் போதும், சின்னம்மாவின் நெஞ்சிலிருந்து அந்தப் பாரம் இறங்கியிருக்கும். அதைச் சொல்வதென்றால், முதல் நாள் தொலைபேசியில் தொடங்கி அன்றுவரை தங்கைக்குக் கொடுத்துவந்த மகிழ்ச்சி முழுவதையும் அம்மா திரும்பப் பெற வேண்டியிருக்கும். வேலை போனதில் தன் பங்கையும் சொல்ல வேண்டியிருக்கும். எது பெரிய தீங்கு என்று இன்று எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. அன்று அம்மாவின் உதடுகள் பிரிந்தன. "அதெல்லாம் ஒண்ணும் இல்லடி," என்பது மட்டுமே வெளியே வந்தது.

எனக்கோ விஷயம் மிக எளிமையாகத் தெரிந்தது. வரிசையில் எல்லோரும் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். நான் ஒருத்தி மட்டும் மாற்றிச் சொன்னேன். சின்னம்மாவின் வேலை போய்விட்டது. அவர் இப்போது அழத் தொடங்கியிருந்தார். சரிசெய்ய ஒரு வழிதான் எனக்குத் தோன்றியது. அருகே போய் அவர் முழங்காலில் கைவைத்தேன்.

"நாங்க டெய்லியும் கேட்டோம் சின்னம்மா. நீங்க பேச ஆரம்பிச்சா அம்மா அடுப்பக்கூட அணைச்சிருவாங்க. ஒரு எழுத்துகூட விடாம கேட்டுச்சு."

அவ்வளவு அழகாக நான் அதற்குமுன் எதையும் சொன்னதில்லை. சின்னம்மா என் தலையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "தெரியும்டா," என்றார். "நல்லாத்தான் வந்து சேந்துருக்கு."

அம்மா எழுந்து சமையலறைக்குள் போய்விட்டார். இந்த முறை நான் சரியாகத்தானே சொன்னேன், அவர் ஏன் என்னைப் பார்க்காமல் போகிறார் என்று மடியில் கிடந்தபடியே யோசித்துக்கொண்டிருந்தேன்.