டிரைவர்கள் கடையில் இட்லி

ஒரகடம் உதிரிபாக ஆலையில் ஆறு வருடம் வேலை பார்த்த தங்கமாரியை 2012இல் பயிற்சிக்காகப் புனேவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். கூட வந்த சூப்பர்வைசர் வசந்தகுமாருக்கு அது பொறுக்கவில்லை. விமான நிலைய வாசலில் காபி நூற்றிருபது ரூபாய் என்றதும் அவள் பின்வாங்கினாள்.

"இதுக்கே பயந்துகினா இன்னாத்துக்கு ஃபிளைட்டு?" என்று எல்லோர் காதிலும் விழச் சிரித்தார்.

தங்கமாரி பெருக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் விசாரித்து, கார் நிறுத்தத்துக்குப் பின்னால் டிரைவர்கள் சாப்பிடும் கடைக்குப் போனாள். சூடான இட்லியும் காபியும் முப்பது ரூபாய்தான்.

அங்கிருந்து திரும்பி வருவதைப் பார்த்துவிட்ட வசந்தகுமார் அவளை மறித்தார். "டிரைவருங்களோடவா துன்ன? கம்பெனி மானமே போச்சு."

"எங்க அய்யாவும் லாரி டிரைவருதான் சார். அவங்ககூட தின்னா போற மானத்த நீங்களே வச்சுக்கிடுங்க."

புனேயில் பயிற்சி முடிந்தது. ஊர் திரும்பியதும் மூன்று மாதம் அவளுக்கு அவர் ஓ.டி. எனும் கூடுதல் நேர வேலை கொடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.