மணலில் நட்ட பதினோரு கம்பம்

கம்பம் ஏறுகிறவனுக்குக் கரண்ட் வந்தால் கும்பிடு, வராவிட்டால் திட்டு. கும்பிடு ஒரு நிமிஷம், திட்டு மீதி நேரமெல்லாம். திட்டு வாங்கியே வயிறு வளர்க்கிறவர்கள் எந்த வேலையில் இருந்தாலும் நீங்கள் என் சொந்தக்காரர்கள்தான். நான் திண்டுக்கல் மின்வாரியத்தில் ராத்திரி டூட்டி பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி. இந்த வேலையைப் படித்து வந்தவனில்லை, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே கற்றவன். பகல் டூட்டி கேட்டு மனுப் போட்டுவிட்டுக் காத்திருந்தபோதுதான் புயல் கடற்கரையை வாரிப் போட்டது. மூன்றாம் நாள் எங்களை லாரியில் ஏற்றி அனுப்பினார்கள்.

பூட்டு ஊர்

நாங்கள் இறங்கிய குப்பத்தில் நிமிர்ந்து நின்றது தண்ணீர்த் தொட்டி மட்டும். மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. குடிதண்ணீருக்குப் பெண்கள் உப்புச் சேற்றில் நாலு மைல் நடந்தார்கள். ரோட்டிலிருந்து தொட்டி வரைக்கும் பதினோரு கம்பம் நட வேண்டும்.

எந்த ஊர் என்று முதலில் வந்து கேட்டவர், மீன் விற்கும் செல்வமேரி. திண்டுக்கல் என்றேன். கூரையும் கதவும் போன தன் வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூட்டு செய்யிற ஊரா? முதல்ல கதவு கொண்டாங்க, பொறவு பூட்டிக்கலாம்."

எங்கள் கைத்திறமை

எங்கள் பக்கம் குழி தோண்டுவதென்றால் பாறையோடு மல்லுக்கட்டுவது. கம்பம் நுழையும் அளவுக்குக் குறுகலாகத் தோண்டி, ரெண்டு கல்லை வைத்து இறுக்கினால் அசையாது. அந்தத் திமிரிலேயே மணலிலும் மூன்று கம்பம் நட்டோம். விடிந்து பார்த்தால் மூன்றும் கடல் பக்கம் சாய்ந்து கிடந்தன. கூட வந்த சிக்கந்தர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

செல்வமேரி சுற்றிவந்து பார்த்தார். "என்னண்ணே, உங்க ஊரு கம்பம் காலங்காத்தால கடல் மாதாவக் கும்பிடுதா?"

பீப்பாய்

கேலி செய்ததோடு போய்விடவில்லை. ஒரு காலி டீசல் பீப்பாயை உருட்டிவந்து, மேல்மூடியையும் அடித்தகட்டையும் வெட்டியெடுக்கச் சொன்னார். அந்த மணலில் ஊற்று தோண்டுவது அப்படித்தானாம். பீப்பாயை இறக்கி உள்ளே தோண்டினால் மணல் சரியாது. கம்பத்தை நிறுத்தி, சுற்றிலும் செங்கல்லை இடித்து இறுக்கினோம். அது அவர் வீட்டுச் சுவரின் செங்கல். பார்த்ததும் அக்கம்பக்கத்திலிருந்து பீப்பாய்கள் உருண்டு வந்தன.

"ஏம்மா, படகுக்கு டீசல் பிடிக்கப் பீப்பாய் வேணாமா?" என்றான் சிக்கந்தர்.

"படகு பள்ளிக்கூடத்து மேல ஏறி உக்காந்திருக்கு. இறங்கி வந்து கேட்டா அப்பப் பாத்துக்கலாம்."

கயிற்றின் மேல்

ஏழு கம்பம் நின்றது. பாக்கி நாலு. அப்போது அதிகாரியின் போன்: போட்டது போட்டபடி டவுன் லைனுக்கு வாருங்கள். ஒப்பந்தத் தொழிலாளி எதிர்த்துப் பேசினால் வேலை நிலைக்காது. யார் முகத்தையும் பார்க்காமல் கயிற்றை லாரியில் ஏற்றப் போனேன். அந்தச் சுருளின் மேல் செல்வமேரி சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலிக் குடங்களோடு குப்பமே லாரியைச் சுற்றி நின்றது.

போன் மறுபடி அடித்தது. எடுக்க எனக்கு மனம் வரவில்லை. சிக்கந்தர் அதைப் பிடுங்கிச் சொன்னான்: "சார், கயித்து மேல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. நீங்களே வந்து எந்திரிக்கச் சொல்லுங்க, நாங்க வாரோம்."

தண்ணீர்

அதிகாரி வரவில்லை. ரெண்டே நாளில் நாலு கம்பமும் நின்றது, தொட்டி வரைக்கும் கம்பியும் இழுத்துவிட்டோம். மோட்டாரைப் போட்டதும் குழாய் செத்த நேரம் இருமியது, கலங்கலாகத் துப்பியது, பிறகு தெளிந்தது. முதல் சொம்பை செல்வமேரி எனக்கு நீட்டினார். குடித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நம் புத்தி எங்கே விடும்? அடுத்த புயலுக்கு இதுவும் சாயும் என்றேன்.

அவர் குடத்தை இடுப்பில் ஏற்றினார். "சாயட்டுமே. கம்பத்த நாங்க நட்டு வைக்கிறோம், நீங்க கம்பி இழுக்க வந்தாப் போதும்."

ஊர் திரும்பி இவ்வளவு நாளாகியும் எனக்கு ராத்திரி டூட்டிதான். என் மனுவின் மேலும் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் போல.