சகாயம் குடித்த ஸ்பெயின் சூப்

போன வாரம் சின்னமனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “பத்தி எழுதுறவுகதான நீங்க?” என்றார். ஆமாம் என்றேன்.

“சித்திரையில ஒரு ஸ்பெயின் சூப்பு எழுதுனீகள்ல... தக்காளியப் பச்சையாவே அரைச்சு ஃப்ரிட்ஜுல வைக்கிறது. எங்க வீட்ல அன்னையிலருந்து அது இல்லாத நாளே இல்ல சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

எனக்கு அதற்கு மேல் சோறு இறங்கவில்லை. ரசம் வருவதற்கு முன்பே இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

தலைக்கனம் பிடித்த ஆள் என்று அவர் நினைத்திருப்பார். நினைத்திருந்தால், அவர் மீது தப்பில்லை. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது.

அந்தப் பத்தியைப் படிக்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மகள் ஸ்பெயினில் வேலை பார்க்கிறாள். போன வருடம் கோடையில் ஒரு மாதம் அவளோடு இருந்தேன். அங்கேயும் நம் தேனி வெயில்தான். பழுத்த தக்காளி, வெள்ளரிக்காய், குடைமிளகாய், ஒரு பல் பூண்டு, ஊறவைத்த பழைய ரொட்டி — எல்லாவற்றையும் அடுப்பில் ஏற்றாமலே மிக்ஸியில் அடிக்கிறார்கள். ஆலிவ் எண்ணெய், வினிகர், உப்பு சேர்த்து, வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். நாம் மோர் குடிக்கிற மாதிரி, தாகம் எடுத்தால் ஒரு டம்ளர். காஸ்பாச்சோ என்று பெயர்.

ஊருக்குத் திரும்பியதும் நானும் செய்தேன். என் மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, “கொதிக்க வைக்காத ரசத்துக்கா இம்புட்டு பில்டப்பு?” என்றாள். அதையும் எழுதினேன். சிரித்தீர்கள்.

கடைசியில், உடம்பு முடியாத நண்பன் ஒருவனுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததையும் எழுதியிருந்தேன். வேறு எதுவும் சாப்பிட முடியாதவன், இதை மட்டும் ஆசையாகக் குடிக்கிறான் என்று. படித்துவிட்டுக் கண் கலங்கியதாகப் பலர் சொன்னீர்கள். எனக்கு அதில் பெருமையாகவும் இருந்தது.

அந்த நண்பன் சகாயம். போடியில் ஏலக்காய் வியாபாரம். ஆறாம் வகுப்பிலிருந்து நானும் அவனும் ஒரே பெஞ்சு. பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். கடைக்குச் சரக்கு வாங்க வருகிறவர்களைவிட, அவன் பேச்சைக் கேட்க வருகிறவர்கள் அதிகம்.

அந்தத் தொண்டையில்தான் புற்றுநோய் வந்தது.

மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் கரண்ட் வைத்தார்கள். கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். வாய் முழுக்கப் புண். குரல் சுத்தமாகப் போய்விட்டது. ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவதுதான் பேச்சு.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதல் ஒன்றரை மாதத்தில் நான் அவனை ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்த்தேன். தேனியிலிருந்து போடி என்ன தூரம்? ஆனாலும் கால் வரவில்லை. பேச முடியாதவனிடம் போய் என்ன பேசுவது? போன அந்த ஒரு நாளும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன். நான் மட்டுமில்லை... கடையில் கூட்டமாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மெல்ல மெல்லக் காணாமல் போனார்கள்.

ஒருநாள் சகாயத்தின் மனைவி எஸ்தரிடம் போனில் விசாரித்தேன்.

“சூடு ஆகாது, காரம் ஆகாது, புளிப்பு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காகண்ணே. ஆறுனதா, கூழாத்தான் குடுக்கணுமாம்.”

இப்படித்தான் சொன்னதாக எஸ்தர் இப்போது சொல்கிறார். அப்படித்தான் சொல்லியிருப்பார். என் காதில் ‘ஆறுனதா’ மட்டும்தான் விழுந்தது. அடடா, நம் கையில்தான் ஒரு சரக்கு இருக்கிறதே...

மறுநாளே உழவர் சந்தைக்குப் போய் நாட்டுத் தக்காளி வாங்கினேன். ஆலிவ் எண்ணெய் மருந்துக் கடையில் கிடைத்தது. “பேரப்பிள்ளைக்குத் தேச்சுவிடவா சார்?” என்று கேட்டுக் கொடுத்தார்கள். சூப்பைப் பிளாஸ்க்கில் ஊற்றி, ஐஸ் போட்டு, போடி பஸ் ஏறினேன்.

“தக்காளியாண்ணே?” என்று எஸ்தர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டார். நான் பதிலுக்கு ஸ்பெயினைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன்.

சகாயம் டம்ளரை வாங்கினான். ஒரு வாய். கண்ணை மூடினான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு வாய். டம்ளர் காலியாகும்வரை நிறுத்தவில்லை. கண்ணோரம் ஈரமாக இருந்தது. நோட்டை எடுத்து எழுதினான்: ‘சூப்பர் மாப்ள.’

அந்த ஈரத்தை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன்? நன்றி என்று. பத்தியிலும் அப்படித்தான் எழுதினேன்.

அதன் பிறகு வாரம் இரண்டு தடவை போனேன். இப்போது எனக்கு ஒரு வேலை இருந்ததே. அவன் மெதுவாகக் குடிப்பான், நான் பேசுவேன். கணக்கு வாத்தியார் கதை, குரங்கணி மலையில் நாங்கள் வழி தவறிய கதை... அவன் சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரிப்பான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஏதாவது கிறுக்கி என்னைக் கேலி செய்வான். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம்... போவதே தெரியாது.

ஆனி மாதம் சகாயம் போய்விட்டான். நோய் நுரையீரலுக்கு ஏறிவிட்டது என்றார்கள். கல்லறையில் நானும் ஒரு கைப்பிடி மண் போட்டேன்.

அந்தச் சின்னமனூர் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு எஸ்தரைப் பார்க்கப் போயிருந்தேன். மகள்கள் இருவரும் கட்டிக்கொடுத்த ஊர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் அவர் மட்டும்தான். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன்.

“கடைசிக் காலத்துல அவன் வாய்க்கு ருசியா ஒண்ணு குடுக்க முடிஞ்சதே எஸ்தர். எனக்கு அது போதும்.”

எஸ்தர் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

“மனசுல வச்சுக்கிட்டே இருக்க முடியலண்ணே. அது அவுகளுக்கு எரிஞ்சது.”

“எது?”

“நீங்க கொண்டாந்த சூப்புதான். நீங்க தெருவத் திரும்புற வரைக்கும் சிரிச்ச மொகமா இருப்பாக. அதுக்கப்பறம் பின்னாடி குழாய்க்கு ஓடுவாக. ஐஸ்கட்டிய வாயில அடக்கிக்கிட்டு, செவுத்தப் புடிச்சுக்கிட்டு நிப்பாக. அன்னைக்குப் பூரா பாலு கூட எறங்காது.”

வினிகர், நாட்டுத் தக்காளி, பச்சைப் பூண்டு. வெந்துபோன வாயில். வாரம் இரண்டு தடவை.

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்லத்தான் போனேன். அவுக விடல.”

உள்ளே போய் நோட்டை எடுத்துவந்தார். பக்கத்தைத் தேடவில்லை. அடிக்கடி திறந்த பக்கம் போலிருந்தது. சகாயத்தின் சாய்ந்த கையெழுத்து.

‘அவன்கிட்டச் சொல்லாத. சூப் வேண்டாம்னா அவன் வரமாட்டான். வெறுங்கையோட வந்து உக்காரத் தெரியாது அவனுக்கு.’

‘சொல்லாத’ என்பதன் கீழே இரண்டு கோடு.

மூன்று தடவை படித்தேன். “இல்லடா, சும்மாவே வந்திருப்பேன்” என்று சொல்லத்தான் ஆசை. எந்த முகத்தோடு சொல்ல? ஒன்றரை மாதத்தில் ஒரே ஒரு தடவை போனவன் நான். என்னை என்னைவிட நன்றாக அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்துதான், என் இரண்டு மணி நேரத்துக்காக அந்த ஒரு டம்ளரைக் குடித்திருக்கிறான்.

“அப்ப அவனுக்கு என்னதான் எறங்குச்சு?”

“கம்மங்கூழுதான். புளிக்காத தயிரு விட்டு வடிகட்டிக் குடுத்தா, ஒரு கிண்ணம் குடிப்பாக.”

நான் அதைக் கேட்டதே இல்லை. அவன் உயிரோடு இருந்தபோது, ஒரு நாளும்.

உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போகும்போது பை நிறைய ஆப்பிள் வாங்கிக்கொண்டு போகிறோமே, அது யாருக்கு? அவர்களுக்கா... இல்லை, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத நமக்கா?

அந்தப் பத்தியை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறவர்கள் ஓரத்தில் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த சூப் நல்ல உடம்புக்காரர்களுக்கு. வாயில் புண் இருக்கிறவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. ஏற்கெனவே யாருக்காவது கொடுத்திருந்தால், எரிகிறதா என்று நேராகக் கேளுங்கள். ‘சூப்பர்’ என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்.

கிளம்பும்போது எஸ்தர், “உங்க பிளாஸ்க்கக் கழுவி வச்சிருக்கேண்ணே, எடுத்துக்கங்க. உங்க சாமான் வேற எதுவும் இங்கன இல்ல” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அது கேட்டுக்கொண்டே வந்தது.

நேற்று நானும் மனைவியும் போடிக்குப் போனோம். கிளம்பும்போது எங்கள் கொல்லையில் பழுத்த கொய்யாவைப் பையில் எடுத்துப் போடப் போனாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கதவைத் திறந்த எஸ்தர் எங்கள் கைகளைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“என்னண்ணே, எதும் விசயமா?”

“ஒண்ணுமில்ல எஸ்தர். சும்மா வந்தோம்.”