திருவிழா நாளில் ஸ்பானியப் பரீட்சை

மே மாதம் ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை. வழமைபோல முற்றம் கூட்டி, கோழிகளைத் திறந்துவிட்டு, புட்டு அவித்தேன். வெளிநாட்டுக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையவழியாகப் பட்டம் படிக்கிறேன். ஸ்பானியம் என் துணைப்பாடம். அன்று மாலை அதன் வாய்மொழிப் பரீட்சை. அதில் தவறினால் இந்த வருடம் பட்டம் இல்லை.

வீட்டுக்குப் பின்னால் கோயிலில் திருவிழா. சாட்டிக் கடற்கரைக்குப் போனாலும் காற்று இரையும். ஆகவே மதியமே ஒலிபெருக்கிக்காரரிடம் போய், பரீட்சை முடியும்வரை பாட்டை நிறுத்தும்படி கேட்டேன்.

"சைவக்காரிக்கு வேதக்காரற்றை கம்பஸிலை என்ன சோதினை அக்கா? ஸ்பெயினிலை பனங்கிழங்கு விக்கப் போறியளோ?" என்று சிரித்தார். பிறகு, "ஓம், நிப்பாட்டுறன். யோசியாதையுங்கோ" என்றார்.

சொன்னபடி நிறுத்தினார். திரையில் தோன்றிய ஆசிரியை என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். நான் வாயைத் திறந்ததும் ஒலிபெருக்கி முழங்கியது.

"அடியார்களுக்கு ஓர் அறிவித்தல்! பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஸ்பானியச் சோதினை நடக்குது. ஒருதரும் சத்தம் போடாதையுங்கோ!"

அதையே திரும்பத் திரும்ப அறிவித்தார். அது என்ன சத்தம் என்று ஆசிரியை கேட்டார். எனக்காகச் சனங்களை அமைதியாக இருக்கச் சொல்கிறார்கள் என்று விளக்க எனக்கு ஸ்பானியம் வரவில்லை. எதுவும் கேட்கவில்லை என்று ஆசிரியை பரீட்சையை நிறுத்திவிட்டார்.

பூசை முடிந்ததும் ஒலிபெருக்கிக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"எப்பிடி அக்கா, ஒரு சத்தமும் இல்லைத்தானே?"

எனக்கு வந்த ஆத்திரத்தை அவரிடம் காட்டவும் ஏலாமல், "ஓம்" என்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, திருவிழாவின் கடைசி நாளான தீர்த்தம் முடிந்த பிறகு ஒரு நாள் தரும்படி ஆசிரியைக்கு எழுதினேன். அதை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை.